அம்சவல்லி ஆகாயத்தை ஆட்டிய கதை

அம்சவல்லியை நினைத்தால் முதலில் எனக்கு ஞாபகம் வருவது அவளுடைய கைகள்தான். சும்மா இருக்கத் தெரியாத கைகள் அவை. பேசும்போது காற்றைப் பிசையும். கேட்கும்போது முந்தானையைத் திருகும். கோயிலில் கும்பிடும்போது மட்டும் ஒன்று சேரும். அதுவும் கற்பூரம் அணையும்வரைதான்.

நான் ஈப்போக்காரி. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியையாக மாற்றலாகி வந்த அன்று தாப்பா மலைச்சாலையின் அத்தனை வளைவுகளும் என் வயிற்றுக்குள் புகுந்துவிட்டன. தானா ராத்தா பஸ் நிலையத்தில் இறங்கியதும் யார் முகத்தையும் பார்க்காமல் வேலியோரம் போய்க் குனிந்தேன். யாரோ முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண்.

"புது டீச்சரா? எத்தன மாசம்?" என்றாள்.

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு அவளைத் திட்டினேன். அவள் சிரித்தாள். "திட்டுறதுக்குத் தெம்பு இருந்தா ஒண்ணுமில்ல, வா" என்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். எங்கள் சிநேகிதம் இப்படிச் சண்டையில்தான் தொடங்கியது. கடைசிவரை சண்டையாகவே நடந்தது.

அவள் இந்த மலையிலேயே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் பிறந்தவள். பதினான்கு வயதில் முதுகில் கூடை ஏறியது. பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து வெட்டக் கத்தரிக்கோல் வந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் மட்டும் அந்த வருடங்களிலும் கைக்கொழுந்துதான். இரண்டு இலை, ஒரு மொட்டு. இரண்டு கையும் தனித்தனியாக ஓட வேண்டும். ஒரு கை கிள்ளும்போது மற்றது அடுத்த கொழுந்தில் இருக்க வேண்டும். அம்சவல்லி கொழுந்தெடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றால் நமக்குத் தலை சுற்றும். அவளுடைய புருஷன் நாகப்பன் திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிப் போகும் லோரி டிரைவர். அதிகம் பேசமாட்டான். அவளோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குப் பேச எங்கே இடம்?

கடவுளும் அவளுடைய கைகளைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். முதல் பிரசவத்திலேயே இரட்டை. ராஜு என்று ஒன்று, ருக்குமணி என்று ஒன்று.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் தோட்டத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகை மேலே, ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்தது. லயங்கள் கீழே. தேயிலைச் சரிவுகளும் பெரும்பாலும் கீழே. ஆகவே பெண்கள் விடிகாலைப் பனியில் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு மேடேறி, ஆயாவிடம் விட்டுவிட்டு, மறுபடி கீழே இறங்கி வேலைக்கு வர வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதை சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். அம்சவல்லி இடுப்புக்கு ஒரு பிள்ளை, முதுகில் கூடை என்று ஏறுவாள். ஒருமுறை சறுக்கி உட்கார்ந்தே கீழே வந்து சேர்ந்தாள், இரண்டு பிள்ளைகளையும் விடாமல். பிள்ளைகள் இன்னொரு தடவை என்று கேட்டன. அவள் அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

பழைய கொட்டகை ஒழுகத் தொடங்கியதால் புதிதாகக் கட்ட முடிவாயிற்று. எங்கே கட்டுவது? மேலே பழைய இடத்திலேயா, கீழே லயத்துக்குப் பக்கத்திலா? துரை நியாயமான மனிதர். (வெள்ளைக்காரர்கள் போய் மலாய்க்காரர் மேனேஜராக வந்து பல வருடமாகியும் 'துரை' என்ற சொல் மட்டும் ஊர்போய்ச் சேரவில்லை.) காலையில் பேர் கொடுத்து வேலை வாங்கும் பெரட்டில், எல்லார் முன்னிலும் கேட்டார்.

"கீழே வேணும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

துரைக்குப் பக்கத்தில் கங்காணி காளியப்பன் நின்றார். யாருக்கு எந்த நிரை, அதாவது எந்தச் செடி வரிசை என்று பங்கு வைப்பது அவர்தான். செடி செழித்த சமநிலத்து நிரையும் அவர் கையில், ஆடு ஏறத் தயங்கும் மேட்டு நிரையும் அவர் கையில். கங்காணி மீசையைத் தடவியபடி ஒரு பார்வை பார்த்தார். ஒருத்தியும் கை தூக்கவில்லை.

அம்சவல்லி தூக்கினாள். இரண்டு கையையும் தூக்கினாள்.

"ஒரு ஆள்," என்றார் துரை. "அப்போ மேலயே."

மறுநாள் முதல் அம்சவல்லிக்கு மேட்டு நிரை. ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தொங்கவிட்டுக் கொழுந்தெடுக்கும் நிரை அது. ஆபீசுக்குப் பக்கத்தில் கயிறு கட்டி அளந்தும் ஆயிற்று. பலகை வந்து இறங்கியதும் வேலை தொடங்கும் என்றார்கள். "தூணு மரத்த நட்டுட்டா அப்புறம் யாரு புடுங்குவா டீச்சர்?" என்று என் வீட்டு வாசலில் நின்று அவள் கேட்டாள். பதில் தெரியாதபோது கோபப்படுவது என் வழக்கம். "கை தூக்காத உன் கூட்டாளிங்களப் போய்க் கேளு" என்று கத்தினேன்.

இந்தச் சமயத்தில்தான் வானம் லோரியில் வந்து இறங்கியது.

வால் நட்சத்திரம் வந்த வருடம் அது, எண்பத்தாறு. எங்கள் மலையில் பனியும் மேகமும் மூடிக்கொண்டு வாலும் தெரியவில்லை, தலையும் தெரியவில்லை. கோலாலம்பூரில் ஒரு சிறு குழு ஊர் ஊராக ஒரு பலூன் வானத்தைக் கொண்டுபோய்க் காட்டுகிறது என்று கேள்விப்பட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிப்போட்டேன். வந்தவர் அமிர்தலிங்கம், கண்ணாடி போட்ட ஒல்லி இளைஞர். நாகப்பனின் கோஸ் லோரியில்தான் சாமான்கள் வந்தன. அதனால் எங்கள் வானத்தில் கடைசிவரை லேசாகக் கோஸ் வாசனை இருந்தது.

தோட்டத்து மண்டபத்தில் பெரிய காற்றாடியைப் போட்டு ஊதினார். சாம்பல் நிறத் துணி மெல்ல எழுந்து, உப்பி, தேயிலை ஆலையின் கொதிகலன்போல் வட்டமாக நின்றது. உள்ளே போக ஒரு துணிக் குழாய் இருந்தது. அதில் தவழ்ந்துதான் போக வேண்டும். உள்ளே நடுவில் ஒரு புரொஜெக்டர் கூரை முழுக்க நட்சத்திரங்களை இறைக்கும். நாம் தரையில் பாய்மேல் வட்டமாக உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க வேண்டும்.

ஆனால் அமிர்தலிங்கத்தின் பெருமை நட்சத்திரங்கள் அல்ல. நாற்பது சோப்பு டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் இடது முனையில் சிவப்புப் பொத்தான், வலது முனையில் பச்சைப் பொத்தான், பின்னால் ஒரு வயர். எல்லா வயரும் அவருடைய சின்னக் கம்ப்யூட்டருக்குப் போகும். "சினிமால நாம சும்மா பாத்துக்கிட்டு இருப்போம் டீச்சர். இங்க ஜனங்கதான் கப்பல ஓட்டணும்," என்றார் கண் பளபளக்க. வானத்தில் நாம் ஒரு கப்பலில் போகிறோமாம். இடப்பக்கம் போகச் சிவப்பு, வலப்பக்கம் போகப் பச்சை. எந்தப் பொத்தானில் அதிக அமுக்கு விழுகிறதோ அந்தப் பக்கமாக ஒரு மோட்டார் புரொஜெக்டரைத் திருப்பும். வானமே திரும்பும். இதையெல்லாம் அவரே தன் கையால் செய்தாராம்.

சனிக்கிழமை பிள்ளைகள் கப்பலைச் சமர்த்தாக ஓட்டினார்கள். அன்று சாயங்காலமே அம்சவல்லி வந்து நின்றாள்.

"ஏன் டீச்சர், வானம் புள்ளைங்களுக்கு மட்டும்தானா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவர்களுக்கு என்று ஏற்பாடாயிற்று. அம்சவல்லியையும் சேர்த்து அவள் கூட்டத்துப் பெண்கள் முப்பத்தெட்டுப் பேர், அவர்களைக் கட்டி மேய்க்கக் கங்காணி, கூட நான். டப்பா நாற்பதும் தீர்ந்தது. துரையும் ஆசைப்பட்டுத் தவழ்ந்து வந்தார். அவருக்கு டப்பா இல்லை. கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகளை எல்லாம் வெளியே ஆயா வடிவம்மாள் பார்த்துக்கொண்டாள். வடிவம்மாள் கங்காணியின் சம்சாரம். முட்டிவலிக்காரி. அவளும் தினம் அந்த மேட்டில் தைலம் மணக்க, முருகா முருகா என்று ஏறி இறங்குகிறவள்தான்.

விளக்கு அணைந்தது. நட்சத்திரங்கள் வந்தன. "ஐயோ!" என்று முப்பத்தெட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கே உடம்பு சிலிர்த்தது. மேகம் மூடாத வானத்தை நாங்கள் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

"இப்ப நம்ம கப்பல் கெளம்புது," என்றார் அமிர்தலிங்கம் மைக்கில். "எடது பக்கம் வளையம் போட்ட கிரகம், செவப்பு. வலது பக்கம் வால் நட்சத்திரம், பச்ச. எந்தப் பக்கம் போலாம்? அமுக்குங்க! சீக்கிரம், சீக்கிரம்!"

அந்தச் 'சீக்கிரம்' என்ற வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. இருபது வருடமாகக் கங்காணி சொல்லிக் கேட்ட வார்த்தை அது. முப்பத்தெட்டுப் பெண்களின் எழுபத்தாறு கைகளும் ஓடத் தொடங்கின. சோப்பு டப்பாவை மடியில் வைத்து, இடக்கை சிவப்பில், வலக்கை பச்சையில், கொழுந்தெடுக்கிற வேகத்தில் படபடபடவென்று அமுக்கினார்கள். ஆலங்கட்டி மழை தகரக்கூரையில் விழுவதுபோல் சத்தம்.

வானம் இடப்பக்கம் திரும்பியது. உடனே வலப்பக்கம் திரும்பியது. மறுபடி இடம், மறுபடி வலம். வளையம் போட்ட கிரகம் ஒரு பக்கத்திலிருந்து வந்து முகத்தில் மோதப் பார்த்தது. வால் நட்சத்திரம் மறுபக்கத்திலிருந்து வாலை வீசியது. "சாஞ்சிருச்சு! சாஞ்சிருச்சு!" என்று செல்லம் அலறினாள். சரோஜா பக்கத்திலிருந்தவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எல்லாரும் இல்லாத கப்பலில் இப்படியும் அப்படியும் சாய்ந்தோம். சிரிப்பு ஒருத்தியிடமிருந்து மற்றவளுக்குத் தொற்றி, கடைசியில் கூடாரமே குலுங்கியது. ஆனாலும் ஒருத்தியும் கையை நிறுத்தவில்லை.

"ஒரு பக்கம்! ஒரு பக்கம் மட்டும்!" என்று அமிர்தலிங்கம் கெஞ்சினார். யார் காதில் விழுகிறது? எனக்குத் தாப்பா சாலை முழுவதும் மறுபடி வயிற்றுக்குள் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு இந்த மலைக்கு மாற்றல் போட்ட அதிகாரியின் வம்சத்தையே சபித்தேன். துரை இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "அடோய்! அடோய்!" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அமிர்தலிங்கம் மோட்டாரின் வயரைப் பிடுங்கினார். வானம் நின்றது. எங்கள் தலை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றியது. கூரையில் எண்கள் தெரிந்தன. சிவப்பு எண்ணூற்றுச் சொச்சம். பச்சையும் எண்ணூற்றுச் சொச்சம்.

"நாப்பது பேருதானே இருக்கீங்க?" என்றார் அவர், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல்.

"கை பழக்கம் தம்பி," என்றாள் அம்சவல்லி. பிறகு இருட்டில் அவள் குரல் மாறியது. "ஒண்ணு கேக்கட்டா? யாரு எத அமுக்குனாங்கன்னு ஒங்க மிசின் காட்டுமா?"

"காட்டாதுக்கா. மொத்தம் எத்தனன்னு மட்டும்தான் தெரியும்."

"பக்கத்துல இருக்கறவளுக்கும் தெரியாது?"

"இருட்டுல எப்படிக்கா தெரியும்?"

அவள் மூச்சை இழுத்து விடுவது எனக்குக் கேட்டது. "தொர," என்றாள், கூரையைப் பார்த்துக்கொண்டே. "இந்த மிசின்ல இன்னொரு கேள்வி கேக்கலாமா? ஆயாக் கொட்டாய் மேலயா, கீழயான்னு?"

சிரிப்புச் சத்தம் பட்டென்று நின்றது. கங்காணி இருட்டில் கனைத்தார். "தொர, இது வெளாட்டுச் சாமான். இதுல போயி..."

ஆனால் துரை இன்னும் சிரிப்பிலிருந்து மீளவில்லை. அந்த நிமிஷத்தில் தோட்டத்தையே கேட்டிருந்தாலும் பாதியைத் தந்திருப்பார். "போலே, போலே," என்றார் மலாயில், ஆகட்டும் என்று. "கேளு. பாக்கலாம்."

மேலே என்றால் சிவப்பு, கீழே என்றால் பச்சை என்று அமிர்தலிங்கம் அறிவித்தார். 'சீக்கிரம்' என்று சொல்லவில்லை. இருந்தும் பலனில்லை. பொத்தானைத் தொட்டதுமே எழுபத்தாறு கைகளும் பழையபடி ஓடின. சிவப்பு நானூற்றுச் சொச்சம், பச்சை நானூற்றுச் சொச்சம்.

"பாத்தீங்களா தொர," என்றார் கங்காணி. "இவளுங்களுக்கு மேலயும் வேணும், கீழயும் வேணும்."

துரை சிரித்தபடி எழப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. கை தூக்கச் சொன்னபோது அவள் கையைத் தவிர ஒரு கையும் எழவில்லை. இப்போது எல்லாக் கையும் எழுந்து, அதுவும் வீணாகப் போகிறது! இன்னும் ஒரு நிமிஷம் போனால் விளக்குப் போட்டுவிடுவார்கள்.

"தொர, இருங்க! ஒரே ஒரு தரம்!" என்று அம்சவல்லி எழுந்து நின்றாள். தலை துணியில் முட்டி, நட்சத்திரங்கள் ஒரு குலுக்குக் குலுங்கின. "ஏய், எல்லாரும் கேளுங்கடி. இது கொழுந்து இல்ல. துந்நூறு. கோயில்ல துந்நூறு எப்படி வாங்குவோம்?"

இருட்டில் வளையல்கள் அசையும் சத்தம் கேட்டது. இடக்கை அடியில், வலக்கை மேலே. டப்பா இடது உள்ளங்கையில் தானாக வந்து உட்கார்ந்தது. திருநீற்றை யாரும் இரண்டு கையாலும் அள்ளுவதில்லை. யாரும் இரண்டு தரம் நீட்டுவதுமில்லை.

"ஒரே தரம்," என்றாள் அம்சவல்லி. "அமுக்கிட்டுக் கைய எடுத்துரு."

அமிர்தலிங்கம் எண்களை அழித்துப் பூஜ்யமாக்கினார். "ம்," என்றார், வெறும் மூச்சாக.

டக், டக் என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சத்தம் கேட்டது. எனக்குப் பிள்ளையுமில்லை, குட்டியுமில்லை. நானும் அமுக்கினேன். வேண்டிக்கொண்டே அமுக்கினேன். பிறகு காற்றாடியின் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை.

கூரையில் நட்சத்திரங்களுக்கு நடுவே எண்கள் வந்தன. பச்சை நாற்பது. சிவப்பு பூஜ்யம்.

பிறகு வெடித்தது பாருங்கள் ஒரு கூச்சல்! பாய்மேல் புரண்டார்கள். ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். யாரோ என் கன்னத்தைக் கிள்ளினார்கள். இன்றுவரை யாரென்று தெரியாது. துரை அண்ணாந்தபடி எண்களைப் பார்த்தார். சிரிப்பு அடங்கிவிட்டிருந்தது. "நாப்பது பேரும் கீழயா? அன்னைக்கு ஏன் யாரும் சொல்லல?" என்றார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "சரி லா. கீழயே கட்டு," என்றார்.

அம்சவல்லி மட்டும் கூச்சல் போடவில்லை. அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "நாங்க முப்பத்தெட்டு. டீச்சர் ஒண்ணு. அப்ப இன்னொரு பச்ச?"

கங்காணி அதற்குள் குழாய்க்குள் தவழ்ந்து தப்பித்துக்கொண்டிருந்தார். அவளும் பாய்ந்து குழாய்க்குள் புகுந்தாள். அவளுக்குப் பின்னால் நான். ஆகவே அந்தப் பேச்சு முழுவதும் தவழ்ந்தபடியே, அவருடைய முதுகுப்புறத்தைப் பார்த்துத்தான் நடந்தது.

"கங்காணி! நீங்களுமா பச்ச?"

"இருட்டுல கை பட்டுருச்சு லா. வழிய வுடு."

"பொய்யி! நில்லுங்க!" அவருடைய காலைப் பிடித்துவிட்டாள்.

குழாய்க்குள் அவர் அசையாமல் நின்றார். பிறகு அடித்தொண்டையில் சொன்னார்: "வடிவு ராவெல்லாம் முட்டியப் புடிச்சுக்கிட்டு அழுவுது. நான் என்ன கல்லா?"

"அப்ப அன்னிக்குப் பெரட்டுல நீங்க ஏன் கை தூக்கல?"

"தொர பாத்துக்கிட்டு இருந்தாரே," என்றார் காளியப்பன்.

அம்சவல்லி காலை விட்டுவிட்டாள். குழாய்க்குள்ளேயே மல்லாந்து படுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் வந்தது. எங்களுக்குப் பின்னால் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்ட முப்பத்தேழு பேரும், ஏன் என்று தெரியாமலே சிரித்தார்கள். அதோடு திறந்துகிடந்த குழாய் வழியாகக் காற்றுப் போய் வானம் எங்கள் தலைமேல் மெதுவாக அமுங்கத் தொடங்கியது. அமிர்தலிங்கம் உள்ளேயிருந்து காப்பாற்றச் சொல்லிக் கத்தினார்.

கொட்டகை கீழே எழுந்தது. தகரக்கூரைக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். வேண்டுமென்றே அடித்தார்களா, ஆலையில் மிச்சமிருந்த வர்ணமா, தெரியாது. வடிவம்மாளின் தைலச் செலவு குறைந்தது. திறந்த மறுநாள் பெரட்டில் கங்காணி யார் முகத்தையும் பார்க்காமல், "அம்சவல்லிக்குச் சம நெரை," என்று கூப்பிட்டார்.

"வேணாம்," என்றாள் அவள்.

"என்னாது?"

"எனக்கு மேட்டு நெரையே குடுங்க கங்காணி. அங்கேருந்துதான் கொட்டாய் வாசல் தெரியுது."

அன்று மத்தியானம் பள்ளி விட்டு வரும்போது பார்த்தேன். பனி விலகி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேட்டு நிரையில் ஒற்றைக்காலை ஊன்றி நின்றபடி அம்சவல்லி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். கீழே கொட்டகை வாசலில் இரட்டைகள் அண்ணாந்து பார்த்தன. ராஜு இரண்டு கையையும் தூக்கினான். ருக்குமணியும் இரண்டு கையையும் தூக்கினாள்.

"விழுந்து தொலைக்காதடி!" என்று கீழேயிருந்து கத்திவிட்டு, நானும் கையைத் தூக்கினேன்.